நடுவில் வைத்த கைப்பை

என் கணவர் மாதா பாதத்தைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்துவிட்டார் என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். சிங்கப்பூர் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நீளமான நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நான் உடற்பயிற்சி செய்கிறேன் என்று நினைத்து, பக்கத்து வீட்டுச் சீன அம்மா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன சொல்வது, என் வீட்டுக்காரர் பொய்யர் என்றா?

அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஜூரோங் கப்பல் பட்டறைகளில் இறக்குவார், சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். சனிக்கிழமை அரை நாள். அதிகம் பேசாத மனிதர். பேச்செல்லாம் நான்தான், முப்பத்தோரு வருடமாக எங்கள் வீட்டில் அப்படித்தான். நான் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். யார் யாரைக் கிள்ளியது, யார் பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டைத் தின்றது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நடந்ததெல்லாவற்றுக்கும் அந்தத் திமிரைத்தான் முதலில் கூண்டில் ஏற்றவேண்டும்.

அவருக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடம். மாத்திரையில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு, காரணம் தெரியாமல், ஒவ்வொரு பரிசோதனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கடந்த மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டல்லவா, முந்தின நாள் பட்டினி கிடந்தாலும் ஏமாற்ற முடியாது, அதுதான். பாலிகிளினிக்கில் கண்ணைப் படம் எடுத்தார்கள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், இரண்டும் சரி. பிறகு எங்கிருந்து ஏறுகிறது? டாக்டர் கேட்பதற்கு முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. வாய் வழியாகத்தான் ஏறுகிறது. இந்த மனிதர் வெளியே எதையோ தின்கிறார்.

போன வருடம் தவக்காலம் வந்தபோது நான் ஒரு யோசனை செய்தேன். எங்கள் பங்குக் கோவிலில் ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் ஆளுக்கொன்றை விட்டுக்கொடுப்போம். ஒருவர் இறைச்சியை விடுவார், ஒருவர் பியரை விடுவார், பாடகர் குழுவில் ஓர் அக்கா தொடர் நாடகத்தை விட்டுவிட்டுப் பாதி உயிராக அலைவார். என் கணவர் எதை விடுவது என்பதை நான்தான் முடிவு செய்தேன். இனிப்பு. காப்பியில் சர்க்கரை, கேக், பலகாரம், குளிர்பானம், எதுவும் கிடையாது. ஈஸ்டருக்குப் பிறகும் அது தொடரவேண்டும் என்று சேர்த்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். அவர் தலையாட்டியதைக் கடவுளுக்குக் கொடுத்த வாக்காக நானே எழுதிக்கொண்டேன்.

சமையலறையையும் தலைகீழாக மாற்றினேன். பாலிகிளினிக்கில் கொடுத்த புத்தகத்திலிருந்து, தட்டில் எது எவ்வளவு இருக்கவேண்டும் என்று படம் போட்ட பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வெள்ளை அரிசி போச்சு, சிவப்பரிசி வந்தது. ரொட்டி போச்சு, கேழ்வரகு மாவு கலந்த தடிச் சப்பாத்தி வந்தது. பச்சைக் கேரட், வெள்ளரி, முளைகட்டிய பயறு, வறுத்த கொண்டைக்கடலை, நாலு பாதாம். மத்தியானத்துக்கும் இதே சங்கதிகளைத்தான் டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

இந்த வருடத் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. குறையவில்லை, இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. மூன்று மாதம் பார்ப்போம், இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார். இவர் முகம் வெளுத்துவிட்டது. ஊசி போட ஆரம்பித்தால் பஸ் லைசன்ஸுக்குச் சிக்கல் வரும் என்று கூட ஓட்டுகிறவர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அது எவ்வளவு உண்மை என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம். அந்த பஸ்தான் அவருக்கு உலகம். ஐம்பத்தெட்டு வயதில் அதைப் பிடுங்கிக்கொண்டால் மனிதர் ஒடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைக் கட்டாமல் திரிகிறாரே என்றுதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்தது. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வழக்கமான பெஞ்சில், வழக்கம்போல நடுவில் என் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து அவர் கையைப் பிடித்து மாதா சுரூபத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பாதத்தைத் தொட்டு இனிப்புத் தொடவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை வைத்தார்.

"மாதா மேல ஆணையா, நான் இனிப்பு எதையும் தொடல," என்றார்.

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி வெளியே நடந்தார். பரிசோதனைக் காகிதம் என் பைக்குள் இருக்கிறது, அது பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொன்னது யார்? சுரூபத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. இந்தப் பாவத்துக்கு இவரைக் கொண்டுவந்து நிறுத்தியது நான்தானே என்று ஒரு குரலும், நிறுத்தினால் பொய் சொல்லவேண்டுமா என்று இன்னொரு குரலும் எனக்குள்ளே சண்டை போட்டன.

போதாக்குறைக்கு, மறு ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் முதல் வாசகம் வாசிக்கும் முறை. இருபது வருடமாக எங்கள் தமிழ்ப் பூசையில் அவர் வாசிக்கிறார். வீட்டில் பேசாத மனிதர், வாசக மேடையில் ஏறினால் கணீரென்று இருக்கும். அவருடைய குரலுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன் என்று என் தங்கைகள் கேலி செய்வார்கள். அந்த ஞாயிறு அவர் ஒருங்கிணைப்பாளரிடம் போய், தன்னால் இனி வாசிக்க முடியாது, பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். காரணம் கேட்டேன். "முடியல, விடு," என்றார். அவ்வளவுதான், எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. பொய்ச் சத்தியம் செய்தவருக்கு வேதத்தைத் தொட்டு வாசிக்கக் கை வருமா?

பிறகு நான் செய்ததையெல்லாம் எழுதவே வெட்கமாக இருக்கிறது. சட்டைப் பையைத் துழாவினேன். குப்பைப் பையைக் கிளறினேன். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பிஸ்கட் டின்னில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவைத்தேன். காலையில் விரலில் குத்திப் பார்க்கும் மெஷினில் எண் கூடுதலாக வந்தால் அவர் முன்னால் அதைச் சத்தமாக வாசித்தேன். பொங்கோலில் இருக்கும் எங்கள் மகள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்க ஒய்ஃபா போலீஸாம்மா என்றாள். எனக்கென்ன போச்சு, உன் அப்பாதான் கால் போய் உட்காரப் போகிறார் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். இவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

மூன்றாவது வாரம், நாடகத்தை விட்ட அந்த அக்கா என்னிடம் வந்தார். ஒங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை தேக்காவுல தனியா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாரே, ஒடம்பு சரியில்லையா, ரொம்ப மெலிஞ்சிட்டாரே லா என்று கேட்டார். மெலிந்தது என் காதில் விழவே இல்லை. தேக்கா, தனியா, சாப்பிட்டுக்கிட்டு. அது மட்டும்தான் விழுந்தது. சனிக்கிழமை வேலை முடிந்து தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டு நாலு மணிக்குத்தான் வருவார். மீன் வாங்க இரண்டு மணி நேரமா என்று நான் கேட்டதே இல்லை. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டரைக்கே நான் தேக்கா சந்தையின் உணவங்காடியில் போய் நின்றேன். நிற்க முடியவில்லை. பிரியாணிக் கடை வரிசைக்கும் பழரசக் கடைக்கும் இடையில் நடந்தேன். கையும் களவுமாகப் பிடித்ததும் என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன்.

ஒன்றரை மணிக்கு வந்தார். கம்பெனிச் சட்டை, தோளில் நான் கட்டிக்கொடுத்த டப்பா இருக்கும் பை. பிரியாணிக் கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கடையில் கஞ்சி வாங்கினார். இன்னொன்றில் பால் கலந்த தேநீரும் நாலு துண்டு வெள்ளை ரொட்டியும் வாங்கிக்கொண்டு, தூணோரம் ஒரு மேசையில் போய் உட்கார்ந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அவர் ரொட்டியின் ஓரத்தையெல்லாம் பிய்த்து ஒதுக்கினார். நடுப்பகுதியைத் தேநீரில் முக்கி, ஊறும்வரை பிடித்திருந்து, வாயில் வைத்தார். மெல்லவில்லை. நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தி விழுங்கினார். ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டே விழுங்கினார். ஒரு துண்டு ரொட்டிக்கு எவ்வளவு நேரம்! எனக்கு எங்கள் பள்ளியில் புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. ஆனால் கோபம் ஒரு வேகத்தில் கிளம்பிவிட்டால் நடுவில் நிற்காது. நேரே போய் எதிரில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், திடுக்கிடக்கூட இல்லை. நான் தேநீர்க் கோப்பையைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தேன்.

கசப்பு. ஒரு துளிச் சர்க்கரை இல்லை. எங்கள் ஊரில் கோசோங் என்று கேட்டு வாங்குவோமே, அதேதான்.

அடுக்கிவைத்திருந்த கேள்வியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவருடைய பையைத் திறந்தேன். டப்பாவில் சிவப்பரிசி, கேரட், கொண்டைக்கடலை எல்லாம் நான் வைத்தது வைத்தபடி இருந்தது. இதை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். மற்ற நாளெல்லாம் காலியாகத்தானே வந்தது? கூட பஸ் ஓட்டும் மலாய்க்காரருக்குக் கொடுத்துவிடுவாராம். அவருக்கு என் கடலை ரொம்பப் பிடிக்குமாம். சனிக்கிழமை அந்த ஆளுக்கு லீவு, அதனால் இங்கேயே எங்காவது கொட்டிவிட்டு வருவாராம்.

"கடிக்க முடியலம்மா," என்றார்.

சொல்லிவிட்டுச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். ஈறு சிவந்து, வீங்கி, பல்லை விட்டு விலகியிருந்தது. முன்பல்லை ஆள்காட்டி விரலால் தொட்டார். அது ஆடியது. பக்கத்துப் பல்லும் ஆடியது. தினமும் இருபது பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, மேலும் கீழும் தேய், ஈ காட்டு என்று பல் துலக்க வைக்கிறவள் நான். முப்பத்தோரு வருடம் கூட இருந்த மனிதரின் வாயை அன்றுதான் பார்த்தேன்.

நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள். இவர் கஞ்சியை என் பக்கம் நகர்த்தி, நீ சாப்பிட்டியா என்று கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் பல் துலக்கும்போது ரத்தம் வந்ததாம். ரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷை லேசாகப் போட ஆரம்பித்தாராம். பிறகு விரலால் தேய்த்து உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதோடு சரி. வலி பெரிதாக இல்லை, அதனால் விட்டுவிட்டார். அவர் அப்பாவுக்கும் ஐம்பதில் பல் போயிற்றாம், குடும்ப வாகு என்று நினைத்துக்கொண்டாராம். வாசகம் வாசிப்பதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். தனக்கு அடுத்து வாசிக்க வந்தவர் மைக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வாசித்தார் என்றார். இரண்டு வாரம் தொடர்ந்து அப்படிச் செய்தாராம்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறு வாரமே லிட்டில் இந்தியாவில் ஒரு பல் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் நம்ம ஊர்த் தமிழ்ப் பொண்ணு, என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி அளந்து, உதவியாளரிடம் எண்ணைச் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று மில்லிமீட்டர் வரை நல்லது, அதற்கு மேலே போகக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள். அஞ்சு, ஆறு, ஆறு, ஏழு என்று போனது. ஒவ்வோர் எண்ணுக்கும் நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் என் குற்றப்பத்திரிகையை எல்லாம் அவளிடம் கொட்டியிருந்தேன், இனிப்பை, சத்தியத்தை, சிவப்பரிசியை.

"ஆன்ட்டி, அங்கிள் பொய் சொல்லல. ஈறுல இவ்ளோ இன்ஃபெக்ஷன் இருந்தா சுகர் கன்ட்ரோலுக்கு வர்றது கஷ்டம். சுகர் கூடுனா ஈறு ஆறாது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மோசமாக்கும்," என்றாள்.

அதோடு, கடிக்க முடியாமல் அவர் விழுங்கின கஞ்சியும் வெள்ளை ரொட்டியும் இனிப்பாக இல்லாவிட்டாலும் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றக்கூடியவைதான் என்றாள். ஆக, நான் கடினமானதாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன், அதனால் அவர் மெத்தென்று இருப்பதைத் தேடி ஓடினார், சர்க்கரை ஏறியது, ஏற ஏற ஈறு கெட்டது, கெடக் கெட நான் இன்னும் கடினமாகச் சமைத்தேன். நன்றாகத்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பக்கத்தைப் பிய்த்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பல்லின் படம் போட்டு, சர்க்கரை உள்ளவர்கள் ஈறைக் காட்டவேண்டும் என்று நாலு வரி அச்சடித்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அதை ஃபிரிட்ஜ் கதவு மட்டும் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல. அந்த டாக்டர் பொண்ணு கம்ப்யூட்டரில் விவரங்களை அடித்துக்கொண்டே இன்னொன்று கேட்டாள். வாயில் வாடை எப்போதிலிருந்து இருக்கிறது? இவர் தெரியாது என்றார். தன் வாய் வாடை தனக்குத் தெரியாதுதானே. அது தெரியாதுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டு, கூட இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும், நீங்க எப்ப கவனிச்சீங்க ஆன்ட்டி என்று என்னைப் பார்த்தாள்.

"நான் கவனிக்கலம்மா," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது! மாதா முன்னால் ஒரு மனிதரை நிறுத்திச் சத்தியம் வாங்கினவள், மின்விளக்கு வெளிச்சத்தில், அவர் படுத்திருக்கும் நாற்காலிக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவனித்திருந்தேன். எப்போதோ கவனித்திருந்தேன். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்து, காதருகே ஒரு வார்த்தை சொல்வது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். ஒரு ஞாயிறு அவர் குனிந்தபோது அந்த வாடை முகத்தில் அடித்தது. நான் சட்டென்று பின்னால் சாய்ந்து, கை கொடுக்காமல் கும்பிட்டேன். அடுத்த ஞாயிறு முன்னேற்பாடாகக் கைப்பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். பெரிய பை. அது இருந்தால் அவர் குனிய முடியாது. சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, மனம் புண்படாதா என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். சொல்லச் சங்கடமாக இருந்தது, பை வைப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். அவர் சர்க்கரையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினவளுக்கு இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் வரவில்லை.

அவருக்கு வைத்தியம் நடந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்குள்ளே இறங்கி, வேரில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். நாலு தடவை போனோம். இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கினார்கள். கழற்றி மாட்டும் பல் செய்து கொடுத்தார்கள். நான் கீரையை மசித்தேன், பருப்பைக் குழைய வேகவைத்தேன், மீனை ஆவியில் வைத்தேன், தௌகுவா சோயாக்கட்டியைக் குழம்பில் போட்டேன். அவர் சாப்பிட்டார். மெதுவாக, கையால் வாயை மறைக்காமல் சாப்பிட்டார்.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. முன்பு அவர் பொய் சொல்கிறார் என்று நடந்தேன், இப்போது நான் சொன்ன பொய்க்காக அதே நடைவழியில் நடந்தேன். பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை என்னிடம் சொல்கிறீர்களே, அவரிடம் சொன்னீர்களா என்றார். இல்லை என்றேன். செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அது சுலபம். வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தால் வாய் வேறெதையாவது பேசியது. மழை, மீன் விலை, மகள் போன் பண்ணாதது. கைப்பையை மட்டும் பெஞ்சில் வைப்பதை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். ஆனாலும் என் பக்கம் குனியவில்லை. அவரும் இப்போது கும்பிடப் பழகிவிட்டிருந்தார். அது என்னைக் குத்தியது.

ஜூன் மாதம் பரிசோதனை முடிவு வந்தது. இறங்கியிருந்தது. ஒரேயடியாக இல்லை, ஆனால் இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையும் சாப்பாடும் பல்லும் இப்படியே போகட்டும் என்றார் டாக்டர். இவர் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பஸ்ஸை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

ஜூலையில் ஈறு ஆறியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் பொண்ணு வரச் சொல்லியிருந்தாள். இவர் சாய்ந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டார். அவள் கம்பியை இறக்கி எண்ணினாள். மூணு, ரெண்டு, மூணு, நாலு. நல்லா ஆறியிருக்கு அங்கிள் என்றாள். பேச்சுவாக்கில், வாடையும் போயிடுச்சு ஆன்ட்டி, நீங்க கவனிச்சிருப்பீங்களே என்றாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு மறுபடி அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருந்தது. இவர் வாயில் கண்ணாடி, உறிஞ்சுகுழாய் எல்லாம் இருந்தன. கண் மட்டும் என் பக்கம் இருந்தது.

"டாக்டர், முன்னாடி நீங்க கேட்டப்ப கவனிக்கலன்னு சொன்னேன். பொய். ஒரு வருஷமா எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம நான் தள்ளி உக்காந்தேன்," என்றேன்.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். கருவியை எடுத்துவிட்டு, ஓகே ஆன்ட்டி, பரவால்ல, ரெக்கார்டுல போட்டுக்கறேன் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். இவர் எழுந்து உட்கார்ந்தார். கோப்பைத் தண்ணீரை எடுத்து வாய் கொப்பளித்துத் துப்பினார். காகிதத்தால் உதட்டைத் துடைத்தார். அதுவரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒரு வருஷம் இல்ல. நீ பைய நடுவுல வெச்சு ரெண்டு தவக்காலம் ஆச்சு," என்றார்.

குரலில் கோபம் இல்லை. வாசகம் வாசிப்பாரே, அதே கணீர்க் குரல். வெகு நாளைக்குப் பிறகு அதைக் கேட்டேன்.

டாக்டர் பொண்ணுக்கு அது புரியவில்லை; நெற்றியில் கீற்றாக விபூதி வைத்திருக்கும் பிள்ளை, அவளுக்கு எங்கள் தவக்காலம் எப்படித் தெரியும்? விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு, அப்படின்னா எத்தனை மாசம் அங்கிள் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"பதினெட்டு மாசம்," என்று நான்தான் சொன்னேன்.